யோஹானா மெஸ்டோர்ஃப் டைரக்டராவும் இருந்தாங்க

மேல தம்பி ஷேர் பண்ணின போஸ்ட்ல, ஜெர்மனில கீல் நகரத்துத் தொல்பொருள் மியூசியத்துல இருந்த யோஹானா மெஸ்டோர்ஃப் வெறும் மொழிபெயர்ப்பாளர்தான், அந்தக் காலத்துல எந்தப் பொம்பளையும் மியூசியத்துக்குப் பொறுப்பா இருந்ததில்லன்னு இருக்கு. மொழிபெயர்த்தது உண்மைதான் தம்பி, ஸ்வென் நில்சன் மாதிரி ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினத ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவங்க அவங்க, ஆனா அதோட நிக்கல. 1873ல அந்த மியூசியத்துலயே சேகரிப்புகளப் பாத்துக்கிற வேலைக்குச் சேந்து, வட ஜெர்மனில ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் பக்கம் சதுப்பு நிலத்துல கிடைச்ச பழங்கால உடல்கள், தாழிப் புதைகுழிகள் பத்தியெல்லாம் எழுதி, 1891ல டைரக்டராவே ஆனாங்க. அப்ப வயசு அறுபதத் தாண்டிருச்சு. 1899ல பேராசிரியர் பட்டமும் குடுத்தாங்க. யுனிவர்சிட்டில படிச்சுப் பட்டம் வாங்காதவங்க, அத நினைச்சா எனக்கு இன்னும் பெரிய ஆளாத் தெரியுது.

நம்பணும்னு இல்ல, நீங்களே பாக்கலாம். கீல் யுனிவர்சிட்டில அவங்க பேர்லயே ஒரு ஆய்வு அகாடமி இருக்கு, அதோட சைட்லயும் 'டாய்ச்ச பயோகிராஃபி'ங்கிற ஜெர்மன் வாழ்க்கை வரலாற்று சைட்லயும் பேரப் போட்டுத் தேடுங்க, ஜெர்மன்ல இருந்தாலும் போன்லயே மொழிமாத்திப் பாத்துக்கலாம், 1873, 1891 ரெண்டு வருஷத்தையும் ஒத்துப்பாத்தாப் போதும்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் ஏஎல் முடிச்சிட்டு பேராதனைல தொல்லியல் எடுக்கலாமான்னு யோசிக்கிற பிள்ளைங்க இந்த குரூப்ல இருக்காங்க, அதனால போஸ்ட்ல அந்த வரிய மட்டும் மாத்திருங்க தம்பி.