‘முதலாமவர்’ பட்டியல்களும் கிழக்கு மாகாணமும்

இலங்கையின் கிழக்கு மாகாணம் தந்த ஆளுமைகள் யார் என்று எவரேனும் பட்டியல் எழுத உட்கார்ந்தால், அதன் முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்: முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். அடுத்த வரியில் முதல் வரலாற்று நாவலை எழுதிய திருகோணமலைக்காரர் வருவார். அதன்பின் முதல் இன்னார், முதல் இன்னார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவை பிழை என்பது என் வாதமல்ல. ஒருவர் எந்த நாற்காலியில் முதலில் அமர்ந்தார் என்று அறிந்துகொள்வதோடு நின்றுவிடுகிறோமே, அவர் அமர்ந்து செய்த வேலையைத் திறந்து பார்ப்பதில்லையே என்பதுதான் என் குறை.

விபுலாநந்தரையே எடுத்துக்கொள்வோம். 1892ஆம் ஆண்டு காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்து, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். நான்கே ஆண்டுகளில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். பட்டியல்காரர்கள் இவ்விரண்டையும் இரு தகுதிகளாக எழுதிவிட்டு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவர் வகித்த பேராசிரியர் பதவிகளுக்குத் தாவிவிடுகிறார்கள். ஆனால் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒரே உடம்பில் இருந்ததன் விளைவாகத்தான், பழந்தமிழரின் நரம்புக் கருவியான யாழை ஆராயும் யாழ் நூல் பிறந்தது. அவர் வெறும் பண்டிதராக மட்டும் இருந்திருந்தால் சிலப்பதிகாரத்தில் இசை, யாழ் பற்றிய குறிப்புகள் நிறைந்த அரங்கேற்று காதைக்கு இன்னுமோர் உரை கிடைத்திருக்கும். வெறும் விஞ்ஞானியாக இருந்திருந்தால் அந்தக் காதையின் பக்கமே போயிருக்க மாட்டார்.

அந்த நூலில் அவர் செய்த காரியத்தை இசையறியாதவர்களும் ஓரளவு விளங்கிக்கொள்ள முடியும். இழுத்துக் கட்டிய ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து மீட்டினால், முதலில் எழுந்த ஒலிக்கு இயல்பாகவே இணங்கும் மற்றோர் ஒலி எழும். முன்னையது குரல் என்றால் பின்னையது இளி. இந்த உறவைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்றால் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளும் கணக்கிலிருந்தே பிறந்துவிடும். இளங்கோவடிகள் செய்யுளில் சுருக்கிச் சொன்ன குறிப்புகளையும் உரையாசிரியர்கள் விட்டுச்சென்ற துணுக்குகளையும் இந்த விகிதங்களின் துணையோடு விபுலாநந்தர் சரிபார்த்தார். வழக்கொழிந்துபோன வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பை எண்களோடும் படங்களோடும் மீட்டுத்தர முயன்றார். கருவி ஒன்றுகூடக் கைக்கு எட்டாத நிலையில் அவர் செய்த வேலை இது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய முடிவுகளில் சிலவற்றோடு இசை ஆய்வாளர்கள் உடன்படாமல் இருக்கலாம். உடன்படவோ மறுக்கவோ வேண்டுமானாலும் முதலில் நூலைத் திறக்க வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. கிழக்கிலங்கையில் கண்ணகி ஒரு காப்பியத் தலைவி மட்டுமல்லள்; வைகாசி பிறந்தால் அவள் சினம் தணியக் குளிர்த்திப் பாடல் பாடி வணங்கப்படும் தெய்வம். காரைதீவிலும் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தை ஏட்டில் காண்பதற்கு முன்பே அதன் கதையை வழிபாடாகக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, பிற்காலத்தில் அதே காப்பியத்துக்குள் கணக்கோடு நுழைந்ததைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இது என் ஊகம்தான். ஆயினும் அவரை அவர் பிறந்த மண்ணோடு பொருத்திப் பார்க்க உதவும் ஊகம்.

திருகோணமலைக்கும் இதே கதிதான். தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை நாம் நினைவில் வைத்திருப்பது ‘முதல்’ என்ற ஒட்டுக்காகவே. அதற்கும் முன்பே அவர் எழுதிய தத்தை விடு தூது, பெண்ணின் விடுதலையைப் பேசுவதற்குத் தூது என்னும் பழைய சிற்றிலக்கிய வடிவத்தையே கருவியாக்கிக்கொண்ட துணிச்சலான நூல். அதற்கு ‘முதல்’ பட்டம் எதுவும் ஒட்டவில்லை போலும், பட்டியலில் காணோம். அதே நகரில் 1939இல் பிறந்த தருமு சிவராம், பிரமிள் என்னும் பெயரில் நவீனத் தமிழ்க் கவிதையின் படிமத்தையே மாற்றியவர். எழுத்து இதழில் எழுதி, தமிழ்நாட்டுக்குப் போய், 1997இல் அங்கேயே மறைந்ததால் அவர் அந்தக் கரைக்காரராகிவிட்டார். இந்தக் கரையின் பட்டியலில் அவர் பெயர் வந்தாலும் ஒரு தயக்கத்தோடுதான் வருகிறது.

பதவியை அளவுகோலாக வைத்தால் முற்றாகவே தொலைந்துபோகிறவர்கள், கூத்தைப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமார். வடமோடி, தென்மோடி என்னும் இரு கூத்து மரபுகளுக்கும் உரிய ஆட்டத் தரு ஒவ்வொன்றையும் நினைவில் சுமந்து, ஊராருக்குச் சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்துக்குரிய பகுதியை வழங்கி), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணி விழாவும் நடத்தி, வட்டக்களரி என்னும் வட்ட அரங்கில் விடிய விடிய மத்தளம் கொட்டி ஆட வைத்தவர்கள் அவர்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் ஆகிய கூத்துகளை மேடையேற்றியபோது, ஆட்டத்துக்கான அறிவு மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவிமாரிடமிருந்தே போனது. இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார். அண்ணாவிமாரைப் பற்றி ஓயாமல் எழுதியும் பேசியும் வருபவர் அவர். வித்தியானந்தனையும் மௌனகுருவையும் பாராட்ட எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பாடம் சொல்லிக்கொடுத்தவருக்குப் பட்டம் இல்லை என்பதற்காக அவரைத் ‘தகவலாளர்’ ஆக்கி அடிக்குறிப்புக்கு அனுப்பும் வழக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலை எழுதிய பண்டிதர் வீ. சீ. கந்தையா, வசந்தன் ஆட்டத்துக்குரிய கவிகளையும் நாட்டுப் பாடல்களையும் வழக்குச் சொற்களையும் புலவர் வரலாற்றுக்கு நிகராக மதித்தார். அந்தப் பரந்த மனம் இன்றைய பட்டியல்காரர்களிடம் இல்லை.

பட்டியலின் இன்னொரு கோளாறு இதைவிடக் கனமானது. கல்முனைக் கரையோரப் பெருந்தெருவில் வடக்கிலிருந்து தெற்கே சென்றால் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். ஓர் ஊர் முடியும் இடமும் அடுத்தது தொடங்கும் இடமும் புதியவருக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கரையின் ஆளுமைகளை எழுதும்போது மட்டும் தமிழர் பட்டியல், முஸ்லிம்கள் பட்டியல் என்று இரண்டு தாள்கள் தேவைப்படுகின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். கந்தையா செய்ததன் மறுபாதி அது. இருவரையும் அருகருகே வைத்த பட்டியல் ஒன்று இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. நடந்த போரும், அது விட்டுச்சென்ற அச்சமும், அரசியலும் இதற்குக் காரணம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவர்களுடைய வேலை அப்படிப் பிரிந்து நடக்கவில்லை.

பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த நீலாவணன், மட்டக்களப்பு உழவரின் வாழ்வை அவர்களுடைய பேச்சின் வாசனையோடு வேளாண்மை என்னும் காவியமாக்கியவர். 1975இல் அவர் காலமான பின்னரே அது நூலாக வந்தது. கல்முனையில் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் எம். ஏ. நுஃமான். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981இல் அந்தத் தீயைப் பற்றி மறக்கவொண்ணாத ஒரு கவிதையை எழுதியவர். மொழியியலாளராக அடிப்படைத் தமிழ் இலக்கணம் என்னும் நூலை மாணவர்கள் கையில் கொடுத்தவர். யாப்பின் கட்டுக்குள் பேச்சோசையை ஓடவிடும் வித்தையை இளம் நுஃமான் அருகிருந்து பார்த்தது நீலாவணனிடம்தான். அந்த ஆசிரியரின் பெயர் ஒரு தாளில் இருக்கிறது. மாணவரின் பெயர் மற்றத் தாளில் இருக்கிறது.