மாதிரிப் பக்கத்தின் தோற்றமும் நகலாகிறது
மென்பொருள் திட்டங்கள் எடுத்துக்காட்டாகத் தரும் இணையப் பக்கங்களைப் பற்றி, "மாதிரிப் பக்கத்தின் வேலை நிரலைக் காட்டுவது மட்டுமே, தோற்றத்தில் நேரத்தைச் செலவிடுவது வீண்" என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக வருபவர் மாதிரியை அப்படியே நகலெடுத்துத் தன் திட்டத்தில் ஒட்டுகிறார். அதிலுள்ள குறையும் கூடவே போகிறது. நான் பயன்படுத்தும் ஒரு திறமூலச் சட்டகத்தின் (இணையதளம் கட்ட உதவும், நிரல் எவருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) உள்நுழைவு மாதிரியில், வெள்ளைப் பின்னணியில் #999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நிற எழுத்து இருந்தது. பின்னணியோடு அதன் நிற வேறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 2.85:1, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவும் அணுகல்தன்மை வழிகாட்டுதல்களோ சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கின்றன. சற்று அடர்ந்த #767676 என்று மாற்றியதும் தேறிவிட்டது. பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியும் விடுபட்டிருந்ததால் கைப்பேசியில் பக்கம் முழுவதும் சுருங்கி, கடவுச்சொல் பெட்டியைத் தொடவே விரலால் விரிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் சரிசெய்ய இரண்டே வரி போதுமாயிருந்தது. அலங்காரம் சேர்த்தால் நிரல் புரியாமல் போகும் என்று அக்கட்டுரைக்குப் பின்னூட்டமிட்ட ஒரு வாசகர் அஞ்சுவது நியாயம்தான். ஒரு பொத்தானுக்குத் தோற்றத்தை ஏற்ற ஐந்தாறு கிளாஸ் பெயர்கள் (தோற்ற விதிகளை இணைக்கும் அடையாளப் பெயர்கள்) குவிந்தால் எனக்கும் கண் கட்டும். ஆனால் கிளாஸே இல்லாமல், படிவம், பொத்தான், அட்டவணை ஆகிய உறுப்புகளுக்கு நேரடியாக விதி எழுதிய சிறிய சிஎஸ்எஸ் (தோற்ற விதிகளுக்கான மொழி) கோப்பு ஒன்றைத் தனியே வைத்தால், பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல் தூய்மையாகவே இருக்கும். பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் சட்டகமான ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம் 2015இல் 1.9 பதிப்பில் பெற்ற தட்டையான புதிய தோற்றம்கூட, முதலில் தனித் தொகுப்பாக வெளியே உருவாகிப் பிறகு உள்ளே சேர்க்கப்பட்டதுதான். அப்படி யாராவது அக்கறையோடு அனுப்பும் திருத்தத்தை திட்டத்தைப் பராமரிப்பவர்கள் "இது நிரல் இல்லையே" என்று மாதக்கணக்கில் கிடப்பில் போடுவதைப் பார்க்கும்போதுதான் மனம் வெறுத்துப்போகிறது.