அறிகுறிகளை நம்பி அஞ்ச வேண்டாம்
காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு ஆகியவை தோன்றினால் எச்.ஐ.வி. தொற்றை ஐயுற வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவது, ஆணுறை கிழியாமல் நடந்த ஓர் உறவுக்குப் பின்னும் உறக்கமின்றித் தவிப்பவரை மேலும் அலைக்கழிக்கவே செய்யும். ஏனெனில் இவை சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும், தொற்று ஏற்பட்ட பலருக்கோ எந்த அறிகுறியும் தெரிவதில்லை. இந்த அச்சத்தில் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தே வலியை வரவழைத்துக்கொண்ட நண்பர் ஒருவரை நான் அறிவேன். வைரஸின் புரதமான ஆன்டிஜென், அதை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடி இரண்டையும் கண்டறியும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனை உறவு நடந்து 45 நாள்களுக்குப் பின் தொற்று இல்லை என்று காட்டினால், அதை முழுமையாக நம்பலாம். ஆணுறை உண்மையிலேயே கிழிந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுகி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டிய தடுப்பு மருந்து தேவையா என்று கேட்க வேண்டும். காலக்கெடு உள்ள இந்தச் செய்தியைத்தான் கட்டுரை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.