குரங்கின் பெயரால் ஒரு பொய்

அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரின் காணொளியை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். ‘அடியில் இருப்பது குரங்கு மூளை, நெற்றியில் இருப்பது மனித மூளை, மேல்மூளை கடிவாளத்தைப் பிடித்தால் கோபமும் பயமும் சோம்பலும் ஓடிவிடும்’ என்று அவர் முழங்கியதையும், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதையும் பார்த்தேன். அதற்குக் கீழே சில வரிகள் மறுத்து எழுதியதற்காக எனக்குச் சூட்டப்பட்ட பட்டங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘எதிர்மறைச் சிந்தனையாளர்’ என்பதுதான் அவற்றில் மரியாதையானது.

கடிவாளக் கதையோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ‘இதைக் குரங்குகளிடம் நிரூபித்திருக்கிறார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. குரங்குகளிடம் கண்டறிந்தது இதற்கு நேர்மாறு.

முதலில், முன்நெற்றிப் புறணி, அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் மேலுறை, மனிதனின் தனிச்சொத்து அல்ல. மக்காக் குரங்குக்கும் அது இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் தடம் காட்டும் பொருளை ஊசியால் செலுத்துவார்கள். அங்கே வந்து முடியும் நரம்பிழைகளின் நுனிகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். இழையின் வழியே அது பின்னோக்கிப் பயணித்து, அந்த இழை புறப்பட்ட செல்லையே போய்ச் சேரும். பிறகு மூளையைத் தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, நிறமேறிய செல்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். பல்லாண்டுகளாக இப்படி எண்ணி எண்ணித்தான் மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா (பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள பகுதி), தலாமஸ் (புறணிக்குச் செய்திகளைக் கடத்தும் பகுதி) போன்றவை முன்நெற்றியோடு எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று வரைந்தார்கள். அந்த வரைபடத்தில் எஜமானும் இல்லை, அடிமையும் இல்லை. அமிக்டலாவிலிருந்து மேலே போகிறது, மேலிருந்து அமிக்டலாவுக்கும் வருகிறது. இருவழி. திரும்பவும் சொல்கிறேன், இருவழி.

இதில் அவருக்குச் சங்கடமான செய்தி ஒன்றும் உண்டு. நரம்பியல் ஆய்வாளர் ஹெலன் பார்பாஸின் குழு இந்தப் பிணைப்புகளை மக்காக் குரங்குகளில் விரிவாக எண்ணி 2007இல் வெளியிட்டது. அமிக்டலாவோடு மிக அடர்த்தியாகப் பிணைந்திருப்பவை கண்குழிக்கு மேலே உள்ள புறணியின் பின்பகுதியும், இரு அரைக்கோளங்களும் எதிரெதிரே பார்க்கும் உட்புறச் சுவரும். ‘திட்டமிடும் அறிவாளி’ என்று மேடைகளில் போற்றப்படும் பக்கவாட்டுப் பகுதிக்கும் அமிக்டலாவுக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பம். யார் கடிவாளம் பிடிப்பதாகச் சொன்னார்களோ, அவர் கைக்குக் கடிவாளமே சரியாக எட்டவில்லை.

‘மக்களுக்குப் புரிய எளிமைப்படுத்தினார், அதில் என்ன தவறு?’ என்று கேட்பீர்கள். எளிமைப்படுத்துவது வேறு, தலைகீழாக்குவது வேறு. மூளையை அடுக்கடுக்காகப் பிரித்த நரம்பியலாளர் பால் மெக்லீனின் கருத்து 1960களுடையது. நரம்பியல் அதை எப்போதோ கடந்துவிட்டது. மேடைகள்தான் இன்னும் கடக்கவில்லை.

‘குரங்கு வேறு, மனிதன் வேறு’ என்பவர்களுக்கு: உண்மைதான். ஆனால், உயிரோடிருக்கும் மனிதனின் மூளையில் அந்த ஊசியைப் போட முடியாது. ஸ்கேனில் நீர் மூலக்கூறுகளின் அசைவை வைத்து நரம்புப் பாதைகளை ஊகிக்கலாம்; செய்தி எந்தத் திசையில் போகிறது என்று அது காட்டாது. ஆகவே குரங்குதான் நமக்கு வழிகாட்டி. தவிர, குரங்கைச் சாட்சிக்கு அழைத்தது நானா, அவரா?

குரங்குகளை இப்படி வதைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி நியாயமானது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: அவ்வளவு உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டதைத் திரித்துச் சொல்வது இன்னொரு கொடுமை.

இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று கேட்கிறீர்கள். என் அண்ணனுக்குத் தலாமஸில் ஒரு சிறு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. முன்நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. பேசுவார், நடப்பார். ஆனால் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தால், யாராவது சொல்லும்வரை கையை நுழைக்க மாட்டார். ‘மூளை நன்றாகத்தானே இருக்கிறது, மனசு வைத்தால் முடியும்’ என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த நேரத்தில், ஒருவர் இந்தக் காணொளியை அவர் முன்னாலேயே ஓடவிட்டார். அண்ணன் முழுவதும் பார்த்தார். பிறகு என்னிடம், ‘நான் முயற்சியே செய்யவில்லையா?’ என்றார். என்னிடம் பதில் இருந்தது, கேட்கும் நிலையில் அவர் இல்லை.

பதில் இதுதான். 1971இல் ஃபஸ்டர், அலெக்ஸாண்டர் என்ற ஆய்வாளர்கள் குரங்கின் கண்ணெதிரே உணவை ஒளித்துவைத்து, மறைப்பை இறக்கிக் காத்திருக்கச் செய்தார்கள். அந்த இடைவெளி முழுவதும் முன்நெற்றியில் செல்கள் துடித்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் தலாமஸிலும் துடித்தன. நினைவில் பிடித்துவைத்திருப்பது இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்று முடங்கினால், மற்றது முழுதாக இருந்தும் வேலை நின்றுபோகலாம். இதில் சோம்பல் எங்கிருந்து வந்தது?

‘முன்நெற்றிப் பகுதியை அகற்றினால் குரங்கு நிதானம் இழக்கிறதே’ என்று விஷயம் தெரிந்த ஒருவர் பின்னூட்டத்தில் மடக்கினார். பழைய சோதனைகளில், கண்குழிக்கு மேலுள்ள புறணி உறிஞ்சி எடுக்கப்பட்ட குரங்குகள் பாம்பைக் கண்டு மிரளவில்லை. பரிசு ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாறியதும் தாமும் மாறிக்கொள்ளத் திணறின. ஆம், பல ஆண்டுகள் அப்படித்தான் பாடம் நடந்தது. 2013இல் ரூட்பெக், மர்ரி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் அதே பகுதியில் செல்களை மட்டும் அழித்து, அவ்வழியே கடந்துபோகும் நரம்பிழைகளை விட்டுவைத்தார்கள். குரங்குகள் வழக்கம்போல் மிரண்டன, வழக்கம்போல் மாறிக்கொண்டன. ஓர் உணவு திகட்டி அதன் மதிப்பு குறைந்தால் தேர்வை மாற்றிக்கொள்ளும் திறன் மட்டும் கெட்டது. பழைய சோதனைகளில் வெட்டுப்பட்டது வழிப்போக்கர்களான இழைகள்! ‘மேல்மூளையின் கட்டுப்பாடு’ என்று நாம் கொண்டாடியதில் பாதி, இணைப்புகளுக்குச் சேரவேண்டிய புகழ்.

‘நாலு பேருக்கு நம்பிக்கை வந்தால் நல்லதுதானே’ என்கிறீர்கள். அந்த நாலு பேரில் என் அண்ணன் இல்லை. உங்கள் வீட்டில் மனச்சோர்வோடு படுத்திருப்பவரும், காரணம் தெரியாமல் பதறுகிறவரும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது குற்றவுணர்வு மட்டும். ஏற்கெனவே தெம்பாக இருப்பவர்களுக்குத்தான் தெம்பு கூடுகிறது. அதற்கு அரங்கம் எதற்கு, கட்டணம் எதற்கு?

அடுத்த பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் என்னைத் திட்டுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த ஆய்வு, மூளையின் எந்தப் பகுதி, யார் செய்தது? பதில் கிடைத்தால் இங்கே எழுதுங்கள், நானே பகிர்கிறேன்.