கராத்தே போஸ் பிரமாதம்

நன்னடத்தை அலுவலர்களுக்குத் தற்காப்புப் பயிற்சின்னு பேனர் கட்டி எடுத்த படத்தை எல்லாரும் பகிர்ந்தாச்சு. அலுவலர்கள் வரிசையா நின்னு முஷ்டியை மடக்கிக் காட்டுறாங்க. வாழ்த்துகள். அந்தப் பேனர்ல இல்லாததை நான் சொல்றேன்: வீட்டு விசாரணைக்கு அவங்களைத் தனியா அனுப்பாதீங்க.

சிறைவாசி கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் வர விடுப்பு கேட்டா, 1982 தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்படி ஊருக்குப் போய் விசாரிச்சு அறிக்கை தர்றது இவங்கதான். அங்க குத்து விடுற நிலைமை வந்துட்டாலே பாதி தோத்தாச்சு. வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்தணும். கேட்டைத் தட்டி, நாயைக் கட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். பக்கிள் வச்ச செருப்பு ஆகாது. வாசல்ல கழட்டித்தான் ஆகணும், அவசரத்துல குனிஞ்சு மாட்ட முடியாது. கிரில் கேட்டைப் பூட்ட விடக்கூடாது. கூடத்து சோபாவைக் காட்டுறது மரியாதைதான், ஆனா வாசலை ஒட்டின பிளாஸ்டிக் நாற்காலிதான் நமக்கு. திண்ணை இருந்தா இன்னும் நல்லது. அரிவாள்மனை கிடக்கிற அடுப்படியில உக்காந்து பேசவே கூடாது. எதிர்த்தரப்பு, அதாவது குற்றத்தால பாதிக்கப்பட்டவங்க, வீட்டுக்கு வேற நாள் போகணும். இந்த வீட்டுத் தம்பியோட பைக்ல ஏறிப் போய் அங்க இறங்கினா என்ன ஆகும்னு சொல்லணுமா? "விடுப்பு தரலாம்னு எழுதிக் குடுப்பீங்களா"ன்னு வீட்டுக்காரங்க கேட்டா வாசல்ல பதிலே கிடையாது.

கிளம்புறதுக்கு முன்னாடி போற முகவரி, திரும்புற நேரம் ஆபீஸ் நோட்டுல இருக்கணும். நேரம் தாண்டினா யார் போன் போடுறது, எடுக்கலைன்னா எந்த ஸ்டேஷனுக்குச் சொல்றதுன்னு முடிவாகியிருக்கணும். ஒரு நோட்டு, அதைப் பார்த்துக்க ஆபீஸ்ல ஒரு ஆள். இதுக்குப் பேனர் அடிக்க முடியாதுதான்.

"போலீஸோட போகலாமே?" காக்கியைப் பார்த்தா தெருவே கூடிடும், சிறைவாசியோட அம்மா வாயே திறக்க மாட்டாங்க. அதனாலதான் கூட இன்னொரு அலுவலர்னு கேக்குறோம். "சிறைவாசி குடும்பம்னாலே ஆபத்துன்னு முத்திரை குத்துறீங்க." இல்லைங்க, பெரும்பாலான வீட்டுல டீதான் கிடைக்கும். எங்க பயமெல்லாம், குடிச்சிட்டு வர்ற மச்சானைப் பார்த்து, பழைய பகை ஆறாத தெருவைப் பார்த்து. "ஆள் பத்தலை." படம் எடுக்க மட்டும் எல்லாரும் ஒரே நாள்ல வந்தாங்களே!

"சட்டம் இருக்கே"ன்னு ஒருத்தர். இருக்கு. 1958 நன்னடத்தைச் சட்டம் 15ஆம் பிரிவுல இவங்க பொது ஊழியர். வேலையைத் தடுக்க மேல கை வச்சா, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 132ஆம் பிரிவு. அதெல்லாம் அடி விழுந்த பிறகு போடுற வழக்கு சார்.

விடுப்பு தர வேண்டாம்னு அலுவலர் எழுதினா குடும்பம் ஹைகோர்ட் போகும், அறிக்கை அங்க வெளிய வரும், எழுதினது யாருன்னு ஊருக்கே தெரியும். அடுத்த மனுவுக்கு அதே கதவை அதே அலுவலர்தான் போய்த் தட்டணும். அதுக்கு எந்தக் குத்து சொல்லிக் கொடுத்தீங்க?