அகராதி பிடிச்ச தம்பி

(மீனா, பதிப்பகம் ஒன்றில் ஆங்கில நூல்களுக்குப் புரூஃப் பார்ப்பவர். அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறார். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறார். கோபி அவருடைய தம்பி. அவனுடைய மேனேஜர் ஓய்வு பெறுகிறார். நாளை வழியனுப்பு விழாவில் ஆங்கிலத்தில் பேசப்போவது கோபிதான். வாசகர் வசதிக்காக அவன் பேச்சைத் தமிழில் தந்திருக்கிறோம். அதில் வரும் பொன்னான ஆங்கில வார்த்தைகளை மட்டும் தொடவில்லை.)

கோபி: அக்கா, முதல்ல அந்தச் சிவப்புப் பேனாவைக் கீழே வை. நீ திருத்த வேண்டாம், கேட்டு அசந்தா போதும்.

மீனா: எழுதினது நீதானா?

கோபி: பின்னே? செல்லுல ஒரு ஆப் இருக்கு. தினமும் வார்த்தையா கொட்டுது. எல்லாம் உயர்தரம்.

மீனா: அர்த்தமும் கொட்டுதா?

கோபி: அதுக்குத் தனியா ஒரு பட்டனை அமுக்கணும். நமக்கெதுக்கு அது? வார்த்தை காதுல விழுந்தாலே அர்த்தம் தெரிஞ்சுடும்.

மீனா: சரி, படி.

கோபி: (தொண்டையைக் கனைத்து) "மதிப்பிற்குரிய ஐயா! தாங்கள் உள்ளே நுழைந்தாலே அலுவலகம் நாய்ஸம் ஆகிவிடும்."

மீனா: என்ன ஆயிடும்?

கோபி: நாய்ஸம். நாய்ஸ் இருக்குல்ல, அதான். கலகலன்னு ஆயிடுமாம்.

மீனா: நாத்தம் அடிக்குமாம்.

கோபி: சத்தம்க்கா!

மீனா: நாத்தம்டா. நாய்ஸுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எரிச்சல் பண்றதுக்கு 'அன்னாய்'னு சொல்றாங்கல்ல? அது தலையை வெட்டிட்டு வால் ஒட்டினது. குமட்டுற வாடைக்குச் சொல்றது.

கோபி: ஒண்ணு ரெண்டு அப்படித்தான் சறுக்கும். இதைக் கேளு. "தங்கள் உரையைக் கேட்ட மாத்திரத்தில் நாங்கள் அனைவரும் எனர்வேட் ஆகிவிடுவோம்." எனர்ஜி!

மீனா: எனர்ஜி இல்ல, நெர்வ். லத்தீன்ல நெர்வுஸ்னா நரம்பு, தசைநாண். முன்னால இருக்கிற 'எ' வெளியேங்கிறதைக் குறிக்கும். ஒருத்தனுக்கு நரம்பை உருவிப் போட்டா எப்படி இருப்பான்?

கோபி: துவண்டு கிடப்பான்.

மீனா: அதைத்தான் எழுதியிருக்க. அவர் வாயைத் திறந்தா உங்களுக்கு இருக்கிற தெம்பும் போயிடுமாம்.

கோபி: (சற்று யோசித்து) திங்கட்கிழமை மீட்டிங்கை நினைச்சுப் பார்த்தா அது சரியான வார்த்தைதான்க்கா. மேடையில சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

மீனா: மேலே படி.

கோபி: "தங்களது முப்பதாண்டு கால மெரட்ரிஷஸ் சேவை." மெரிட்! இதுல நீ வாயே திறக்க முடியாது.

மீனா: மெரிட்டும் இதுவும் ஒரே குடும்பம்தான்.

கோபி: பார்த்தியா!

மீனா: ரெண்டுக்கும் லத்தீன்ல ஒரே வேர், சம்பாதிக்கிறதுன்னு அர்த்தம். ஒரு கிளை மெரிட்டாச்சு. இன்னொரு கிளை 'மெரட்ரிக்ஸ்', உடம்பை வித்துச் சம்பாதிக்கிறவ. நீ தொங்குறது ரெண்டாவது கிளையில. இப்போ அதுக்கு மேலே மினுக்கு, உள்ளே வெத்துன்னு அர்த்தம்.

கோபி: சாரோட வீட்டம்மாவும் விழாவுக்கு வராங்க.

மீனா: நல்லா கேட்கட்டும். அடுத்து?

கோபி: "எங்கள் பெனல்டிமேட் தலைவரே."

மீனா: அல்டிமேட்டுக்கும் ஒரு படி மேலேன்னு நினைச்சியா?

கோபி: ஆமா.

மீனா: கடைசிக்கு முந்தினது.

கோபி: (தாளைக் கீழே வைத்து) இதென்ன அநியாயம்! ஒவ்வொரு வார்த்தையும் மாறுவேஷம் போட்டுக்கிட்டுத் திரியுது. அப்போ அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆளை நான் திட்டினது கூட...

மீனா: அவரை என்னன்னு திட்டின?

கோபி: என் பில்லைத் திருப்பி அனுப்பிட்டார்க்கா. கோபத்துல நேராப் போய், "உங்ககிட்ட இருக்கிறது எல்லாம் வெறும் பல்க்ரிட்யூட்"னு கத்திட்டு வந்தேன். கேட்கிறப்பவே கெட்ட வார்த்தை மாதிரி இல்ல?

மீனா: அழகுடா. பேரழகு.

கோபி: அதான் மறுநாளே பில் பாஸாச்சா!

மீனா: அந்தப் பட்டனை ஒரு தடவையாவது அமுக்கித் தொலைக்கக் கூடாதா?

கோபி: ஆரம்பத்துல அமுக்கினேன்க்கா. ராத்திரி படிச்சா காலையில மறந்துடுது. என் மண்டை அப்படி.

மீனா: உன் மண்டைன்னு இல்ல, எல்லா மண்டையும் அப்படித்தான். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளா தயார் பண்ணி, அதை உட்கார்ந்து மனப்பாடம் செஞ்சு, எவ்வளவு சீக்கிரம் மறக்குதுன்னு தன்னையே அளந்து பார்த்தார். 1885-ல புத்தகமாவே போட்டார்.

கோபி: அர்த்தமே இல்லாம மனப்பாடம் பண்ணாரா? நம்மாளு!

மீனா: அவர் ஆராய்ச்சிக்குப் பண்ணார். மேடை ஏறி யாரையும் வாழ்த்தல. முதல் நாளுக்குள்ளயே பாதிக்கு மேல போயிடுதுன்னு கண்டுபிடிச்சார். ஒரே ராத்திரியில உருப்போடுறதை விட, நாள் விட்டு நாள் விட்டுத் திரும்பப் பார்த்தாத்தான் நிக்கும். அதுவும் வார்த்தையை மொட்டையா படிக்காதே. யாரோ ஒருத்தர் நிஜமாவே எழுதின வாக்கியத்தோட படி. 'நாய்ஸம்' பக்கத்துல சாக்கடையைப் பார்த்திருந்தா உனக்கு இந்த ஜென்மத்துல மறக்காது.

கோபி: விழா நாளைக்கு. நாள் விட்டு நாள்னா எதை விடுறது? சரி, இந்த அகராதிக்காரங்க தப்பே பண்ண மாட்டாங்களா?

மீனா: (தயங்கி) பண்ணியிருக்காங்க. 1934-ல வந்த வெப்ஸ்டர் பேரகராதியில 'டோர்ட்'னு ஒரு வார்த்தை. அர்த்தம், அடர்த்தி.

கோபி: குறிச்சுக்கிறேன்.

மீனா: குறிக்காதே! அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கமா பெரிய டி போடலாம், சின்ன டியும் போடலாம்னு சொல்றதுக்கு 'டி ஆர் டி'ன்னு, அதாவது 'டி அல்லது டி'ன்னு, சீட்டுல எழுதி வச்சிருந்தாங்க. அதைச் சேர்த்துப் படிச்சு முழு வார்த்தையாவே அச்சடிச்சுட்டாங்க. இதுக்கு வேர்ச்சொல்லே காணோமேன்னு 1939-ல ஒரு எடிட்டர் கண்ணுல பட்டுது. அச்சுல இருந்து எடுக்க 1947 ஆச்சு.

கோபி: பதிமூணு வருஷம்! அதுக்குள்ள எவனாவது அதை மனப்பாடம் பண்ணியிருப்பான்ல? பாவம்க்கா அவன்.

மீனா: (புரூஃப் பார்ப்பவர் என்ற முறையில் இந்தப் பேச்சை வளர்க்க விரும்பாமல்) முடிவுல என்ன எழுதியிருக்க?

கோபி: அது அணுகுண்டு. "தங்களது ஓய்வுக்காலம் முழுக்க..." இரு, மூச்சு இழுத்துக்கிறேன். "நியூமோனோ அல்ட்ரா மைக்ராஸ்கோபிக் சிலிகோ வால்கனோ கோனியோசிஸ் நிறைந்திருக்கட்டும்!" நாற்பத்தஞ்சு எழுத்து! அல்ட்ரா எல்லாம் வருது, நல்ல சாமானாத்தான் இருக்கணும்.

மீனா: எரிமலைத் தூசியைச் சுவாசிச்சா நுரையீரல்ல வர்ற நோய்.

கோபி: ஐயோ.

மீனா: அதுவும் டாக்டர் வச்ச பேரு இல்ல. 1935-ல அமெரிக்காவுல புதிர் ஆர்வலர் சங்கத் தலைவர், அகராதியிலேயே நீளமான வார்த்தையா இருக்கணும்னு வேணும்னே கோத்தது. அகராதிக்காரங்க அதையும் சேர்த்துக்கிட்டாங்க. போகட்டும், இன்னும் ராத்திரி முழுக்க இருக்கு. தாளைக் கொடு, எளிமையா எழுதித் தரேன். அவர் காதுக்குப் போறதுக்கு முன்னாடி தப்பிச்சோம்.

கோபி: காதுக்குப் போகல.

மீனா: அப்பாடா.

கோபி: கண்ணுக்குப் போயிடுச்சு. காலையிலேயே ஐயா ஒரு பார்வை பாருங்கன்னு மெயில் போட்டுட்டேன்.

மீனா: அடப்பாவி!

(செல்போன் மணி. இருவரும் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.)

கோபி: அவர்தான். நீ படி. இல்ல, நான் படிக்கிறேன். இல்ல, நீயே...

மீனா: (வாங்கிப் பார்த்து) "நைஸ் ஸ்பீச்." அவ்வளவுதான்.

கோபி: நைஸ்! நல்லதுதானே? அக்கா, எதுக்கும் அதையும் அகராதியில பார்த்துடு.

மீனா: இப்போ நல்லதுதான்.

கோபி: அதென்ன 'இப்போ'?

மீனா: லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'. ஒண்ணும் அறியாதவன். ஆங்கிலத்துக்கு வந்த புதுசுல நைஸ்னா முட்டாள்தனம்னு அர்த்தம். அதெல்லாம் 14-ஆம் நூற்றாண்டுடா, விடு.

கோபி: எப்படி விடறது? சார் பழைய காலத்து ஆளுக்கா!

மீனா: அதுக்காக 14-ஆம் நூற்றாண்டா?

கோபி: அவர் கம்ப்யூட்டரை நீ பார்த்ததில்லையே.