எந்தச் சோதனை என்று கேட்பதற்கு முன்

ஆய்வேடு ஒப்படைக்கும் மாதம் நெருங்கிவிட்டால் என் மேசைக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" புள்ளியியல் கற்பிப்பவனிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் தரவு முழுவதையும் திரட்டி முடித்த பிறகு கேட்டால் பல வேளைகளில் என்னால் உதவ முடிவதில்லை. திரட்டிய விதத்திலேயே விடை முடிவாகிவிட்டிருக்கும்.

சென்ற ஆண்டு கல்வியியல் மாணவி ஒருவர் 40 பிள்ளைகளின் முன்தேர்வுத் தாள்களையும் பின்தேர்வுத் தாள்களையும் இரண்டு கட்டுகளாகக் கொண்டுவந்தார். கற்பித்தல் முறை சாரா மாறி (ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது), மதிப்பெண் சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது) என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஆனால் பிள்ளைகள் கூச்சமின்றி எழுதட்டும் என்ற நல்லெண்ணத்தில், பெயரோ வரிசை எண்ணோ எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எந்தத் தாளுக்கு எந்தத் தாள் இணை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. "அப்படின்னா தனித்தனிக் குழுவுக்கான டி-டெஸ்ட் போட்டுடலாமா சார்?" என்றார். வெவ்வேறு ஆட்கள் கொண்ட இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை அது. எழுதியவர்கள் அதே 40 பேர் எனும்போது அவர்களை 80 பேராகக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

இதனால் என்ன கெட்டுவிடும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரையில் 10 நோயாளிகளின் தூக்கக் கணக்கை எடுத்துக்கொண்டார். முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரமும் இரண்டாவதில் 2.33 மணி நேரமும் தூக்கம் கூடியது. இவற்றை வெவ்வேறு பத்துப் பேர் கொண்ட இரு குழுக்களாகக் கருதிச் சோதித்தால் பி மதிப்பு, அதாவது மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு தோன்றும் வாய்ப்பு, 0.079; வழக்கமான 5 விழுக்காட்டு (0.05) அளவில் வேறுபாடு நிறுவப்படவில்லை. ஒரே ஆளின் இரண்டு அளவுகளைக் கழித்துப் பார்த்தாலோ ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்தே கூடுதல், ஒருவருக்கு இரண்டும் சமம். பி மதிப்பு 0.003க்கும் கீழே. எண்கள் அதே இருபதுதான். ஆறாம் நோயாளிக்கு எந்த மருந்திலும் மூன்று, நான்கு மணி நேரம் கூடுகிறது. நான்காமவருக்கு ஒன்றில் 1.2 குறைந்து மற்றதில் வெறும் 0.1 கூடுகிறது. ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய ஏற்ற இறக்கத்தில் மருந்தின் வேறுபாடு மூழ்கிப்போகிறது. கழித்தல்தான் அதை மேலே கொண்டுவருகிறது.

ஆகவே சோதனையின் பெயரைத் தேடுமுன், அளக்கப்பட்டவர் ஒரே ஆளா, வேறு ஆளா என்று கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. அடுத்து, குழுவைப் பிரித்தது யார்? பள்ளி ஏற்கெனவே பிரித்து வைத்த 'ஏ' பிரிவையும் 'பி' பிரிவையும் அப்படியே எடுத்துக்கொண்டு 'பரிசோதனை ஆய்வு' என்று அட்டையில் அச்சிடுகிறார்கள்; அது அரைப் பரிசோதனைதான், குலுக்கல் முறையில் ஒதுக்காதவரை. நகரம், கிராமம் என்று ஒப்பிடும் ஆய்வில் அதுவும் இல்லை. அங்கே 'காரணம்' என்ற சொல்லையே எச்சரிக்கையாகத் தொட வேண்டும். மூன்று குழுக்கள் இருந்தால் இரண்டிரண்டாக டி-சோதனை போட்டுக்கொண்டே போகாமல், எல்லாக் குழுக்களின் சராசரிகளையும் ஒருசேர ஒப்பிடும் அனோவாவில் தொடங்குவது நல்லது. இவையெல்லாம் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் பட்டியலில் தெரியாது. தவறான சோதனையைச் சொடுக்கினாலும் அது முகம் சுளிக்காமல் விடை தரும்.

அந்த மாணவி இரண்டு சராசரிகளை மட்டும் கொடுத்து, இணைக்க முடியாமல் போனதை வரம்புகள் என்ற பகுதியில் நேர்மையாக எழுதினார். இந்த ஆண்டு வந்தவர்களிடம், தாளின் மூலையில் 1 முதல் 40 வரை ஓர் எண் போட்டு, முன்தேர்விலும் பின்தேர்விலும் ஒருவருக்கு ஒரே எண்ணைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், பெயர் வேண்டியதில்லை.